24-இல் ஒரு பங்காக அப்பாவின் பக்கி

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 38. அவருடைய அப்பா நிசான் 1400 பக்கியில் (பிக்கப் வண்டியைத்தான் இங்கே பக்கி என்கிறோம்) காய்கறி ஏற்றிக்கொண்டு டர்பன் வார்விக்கில் இருக்கும் விடிகாலைச் சந்தைக்குப் போய்வந்தவர். அப்பா இப்போது இல்லை. வண்டியையும் விற்றாயிற்று. மிஞ்சியிருப்பவை இரண்டு புகைப்படங்கள். அந்த வண்டியைச் சிறிய அளவில் தன் கையால் செய்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. இதற்கிடையில் அலமாரியில் பாகங்களை ஒட்டிக் கார் மாதிரி கட்டும் கிட் பெட்டிகள் நான்கு திறக்காமலும், டை-காஸ்ட் கார்கள், அதாவது உலோகத்தில் வார்த்துத் தயாராக வரும் குட்டிக் கார்கள், ஒரு டஜனும் சேர்ந்துவிட்டன. சேர்ப்பதா, கட்டுவதா? எங்கே தொடங்குவது? டர்பன் ஈரக்காற்றில் பெயிண்ட் வெளுத்துப் பூத்துவிடும் என்கிறார்களே, உண்மையா? இவைதான் அவருடைய கேள்விகள்.

தம்பி, கட்டுங்கள். சாட்ஸ்வர்த்தில் என் வீட்டுப் பின்னறையில் 30 வருடமாக இதைச் செய்துவருகிறேன். சேர்க்கிறவர்களை நான் குறைவாக நினைப்பதில்லை. அவர்களுக்கு வேறு வகையான அறிவு வேண்டும், அதற்கும் கீழே வருகிறேன். ஆனால் உங்கள் மனதில் இருப்பது ஒரு குறிப்பிட்ட வண்டி. அதன் கதவைத் திறந்து ஏறியிருக்கிறீர்கள், பின்னால் சாமான் ஏற்றும் தொட்டியில் உட்கார்ந்து போயிருக்கிறீர்கள். அது எந்தக் கடையிலும் பெட்டிக்குள் தயாராக இருக்காது.

முதலில் நல்ல செய்தி. உங்கள் அப்பாவின் 1400 பக்கி, ஜப்பானில் சன்னி டிரக் என்ற பெயரில் ஓடிய வண்டியின் உடன்பிறப்பு. 1970-களின் தொடக்கத்தில் டாட்சன் 1200 என்று இங்கே வந்து, பிறகு 1400 ஆகி, 2008 வரை பிரிட்டோரியாவுக்குப் பக்கத்தில் ரோஸ்லின் ஆலையில் தயாரானது. அந்தச் சன்னி டிரக்கை ஹசெகாவா நிறுவனம் 1/24 அளவில், நீண்ட தொட்டியோடு, கிட்டாக வெளியிட்டிருக்கிறது. ஜப்பான் வண்டி என்பதால் ஸ்டீயரிங்கும் நமக்கு ஏற்றபடி வலது பக்கம். அதாவது உங்கள் வேலையில் பெரும்பகுதியை, பாகங்களை வார்த்த அச்சே செய்து கொடுத்துவிடுகிறது.

இது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று தெரிய வேண்டுமானால் மற்ற வண்டிகளைப் பாருங்கள். நம் ஊர்த் தெருக்களில் எங்கும் நின்ற சிட்டி கோல்ஃப், 1984 முதல் 2009 வரை உயிட்டன்ஹாக்கில் தயாரானது. அதை மாதிரியாகச் செய்ய ரெவெல் நிறுவனத்தின் கோல்ஃப் 1 ஜிடிஐ கிட் இருக்கிறது. ஆனால் அதில் பக்கத்துக்கு ஒரு கதவுதான். சிட்டிக்குப் பக்கத்துக்கு இரண்டு. பழைய கதவுக் கோட்டை அடைத்து, தேய்த்து, புதிய இடத்தில் இரண்டு கதவுகளுக்குக் கோடு கீறி, ஜன்னல் நடுத்தூணை நகர்த்த வேண்டும். இன்னொன்று பிஎம்டபிள்யூ 333ஐ (333i). தென்னாப்பிரிக்காவுக்கென்றே 204 வண்டிகள் மட்டும் செய்தார்கள். அந்தக் காலத்து 3 வரிசைக்குக் கிடைக்கும் கிட்களில் பெரும்பாலானவை எம்3. அதன் சக்கர வளைவுகள் வெளியே புடைத்தவை, பின்கண்ணாடியின் சாய்வும் டிக்கியும் வேறு. ஆகவே 333ஐ வேண்டுமென்றால் பின்பாதி முழுக்கக் கைவேலை. உங்களுக்கு அந்தப் பாடு இல்லை.

ஆனாலும் ஹசெகாவா கிட்டை வாங்கிய கையோடு திறக்காதீர்கள். முதல் கார் கைபழகுவதற்கானது. உங்களிடம் இருக்கும் நான்கில் ஒன்றை எடுங்கள். தமியா 1/24 ஏதாவது இருந்தால் அதுதான். பாகங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவதில் தொடக்கக்காரருக்கு அதைவிட நம்பகமான பெயர் எனக்குத் தெரியாது. ஜப்பானின் ஷிசுவோகாவில் இருக்கும் அந்த நிறுவனம் 1970-களில் ஒரு போர்ஷே 911 காரை விலைக்கு வாங்கி, அதைக் கழற்றிப் போட்டுப் பார்த்துத்தான் போர்ஷே 934 பந்தயக் காரின் மாதிரியை வடிவமைத்தது. பாகம் பொருந்துவதன் பின்னால் அந்த மாதிரி உழைப்பு இருக்கிறது.

தமியா என்றதும் இந்த நாட்டுக்காரர்களுக்கு ஒன்று நினைவுக்கு வர வேண்டும். 1976 ஸ்வீடன் கிராண்ட் பிரிக்ஸில் ஆறு சக்கர டிரெல் பி34-ஐ ஓட்டி ஜெயித்த ஜோடி ஷெக்டர், நம் ஈஸ்ட் லண்டன்காரர். ஆறு சக்கரக் கார் ஒன்று ஃபார்முலா 1 பந்தயம் ஜெயித்தது அந்த ஒரு முறைதான். 1979-இல் ஃபெராரியில் உலக சாம்பியனும் ஆனார். அந்த பி34-ஐத் தமியா 1/20, 1/12 இரண்டிலும் கொண்டுவந்திருக்கிறது. பக்கி முடிந்த பிறகு 1/20-ஐக் கட்டிப் பாருங்கள். மூடிய கார் கட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எல்லா வேலையும் வெளியே தெரியும்.

அளவு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு மீட்டர் நீளமுள்ள வண்டி 1/24-இல் 16.7 செ.மீ., 1/25-இல் 16 செ.மீ., 1/43-இல் 9.3 செ.மீ., 1/64-இல் ஆறே கால் செ.மீ. இருக்கும். ஜப்பான், ஐரோப்பியக் கிட்கள் பெரும்பாலும் 1/24. அமெரிக்கக் கிட்களில் 1/25 அதிகம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்தான், ஆனால் ஒன்றின் சக்கரத்தை மற்றதில் மாட்டும்போது தெரியும். இன்னொரு வேறுபாடும் உண்டு. அமெரிக்கக் கிட்களில் எஞ்சின் இருக்கும், பானட் திறக்கும். பழைய ஜப்பான் கிட்கள் பல, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் வைத்து ஓடவிடச் செய்யப்பட்டவை. அதனால் எஞ்சின் இருக்காது. சிலவற்றில் இருக்கைக்குக் கீழ்த் தரையே மேடாக இருக்கும். பழைய பெட்டி வாங்குகிறவர்கள் இதைப் பார்த்து வாங்க வேண்டும்.

சாமான் அதிகம் வேண்டாம். பாகத்தைச் சட்டத்திலிருந்து வெட்ட ஒரு நல்ல நிப்பர், கூரிய கத்தி, நுனி மெலிந்த இடுக்கி, 400 முதல் 2000 வரை எண்ணுள்ள உப்புத்தாள், மெலிந்த பிளாஸ்டிக் பசை, மாஸ்கிங் டேப். நிப்பரில் மட்டும் காசு பார்க்காதீர்கள். மழுங்கிய நிப்பர் பிளாஸ்டிக்கை வெட்டாது, பிய்க்கும். பிய்த்த இடம் வெளுத்துக் குழியாகிவிடும், பெயிண்ட் அடித்தாலும் குழி தெரியும். வெட்டும்போதும் பாகத்தை ஒட்டி வெட்டாமல் கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியாலும் உப்புத்தாளாலும் எடுங்கள்.

பசையைப் பற்றி ஒரு விஷயம் புரிந்தால் பாதித் தவறு குறையும். பிளாஸ்டிக் பசை நாம் நினைக்கிற மாதிரி ஒட்டுவதில்லை. இரண்டு பாகங்களின் மேற்பரப்பையும் கரைத்து ஒன்றாக்குகிறது, கிட்டத்தட்ட வெல்டிங். அதனால் இரண்டு பாகத்தையும் முதலில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இடுக்கில் தூரிகை நுனியால் தொட்டால் போதும், மெலிந்த பசை தானே உள்ளே ஓடிவிடும். பெயிண்ட் அடித்த இடத்திலும் குரோம் பூசிய இடத்திலும் அது பிடிக்காது. ஒட்டும் இடத்தை மட்டும் சுரண்டிவிட வேண்டும். கண்ணாடிப் பாகங்களுக்கு சூப்பர் குளூ பக்கம் போகவே கூடாது. அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் படலமாகப் படியும். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளைப் பசை போதும். காய்ந்தால் தெளிந்துவிடும், தவறினால் தண்ணீரில் துடைக்கலாம்.

சரி, இப்போது உடலுக்கு வருவோம். கார் மாதிரியில் முக்கால் பங்கு உடலும் அதன் பெயிண்டும்தான். எஞ்சினை எவ்வளவு அழகாகச் செய்தாலும் பார்க்கிறவர் கண் முதலில் போவது பானட்டின் பளபளப்புக்கு.

அச்சின் துண்டுகள் கூடும் இடத்தில் உடலின் மேல் ஒரு மெல்லிய மேட்டுக்கோடு ஓடும். முன் மட்கார்ட் முனையிலும் கூரைத் தூண்களிலும் விரலால் தடவினால் தட்டுப்படும். 600 உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, 1000-த்தில் முடியுங்கள். கதவுக்கோடு, பானட் கோடு இவற்றைப் பெயிண்டுக்கு முன்பே கத்தியின் முதுகால் மெதுவாக இழுத்துக் கொஞ்சம் ஆழப்படுத்துங்கள். அடிப்பூச்சான பிரைமரும் பெயிண்டும், நிறமில்லாத மேல்பூச்சான கிளியரும் சேர்ந்து அந்தக் கோடுகளை நிரப்பிவிடும், அப்புறம் கதவு கதவாகத் தெரியாது. கடைசியாகப் பாத்திரம் கழுவும் சன்லைட் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் உடலைக் கழுவிக் காயவைத்து, அதன்பின் வெறுங்கையால் தொடாதீர்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெயும் நம் விரல் எண்ணெயும் இருந்தால் பெயிண்ட் அந்த இடத்தில் விலகி மீன்கண் மாதிரி வட்டம் போடும்.

இனி டர்பன் காற்று. நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. எனக்கே நடந்தது. பல வருடம் முன்பு ஒரு ஜனவரி மாதம், சனிக்கிழமை சாயங்காலம், மழை விட்டு அரை மணிதான் ஆகியிருந்தது. மூன்று வாரம் தேய்த்துத் தயார் செய்த உடலுக்குச் சிவப்பு அடித்தேன். அடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருந்தது. பத்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால் கூரையும் பானட்டும் பால் தெளித்த மாதிரி வெளுத்திருந்தன. அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

காரணம் இதுதான். ஸ்ப்ரே டப்பாவில் இருக்கும் லாக்கர் பெயிண்டின் கரைப்பான் மிக வேகமாக ஆவியாகிறது. ஆவியாகும்போது பெயிண்டின் மேற்பரப்பு குளிர்ந்துபோகிறது. காற்றில் ஈரம் நிறைய இருந்தால், குளிர்ந்த டம்ளரின் வெளியே வியர்ப்பது போல, அந்த ஈரம் பெயிண்டின் மேல் படிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது. அதுதான் அந்த வெள்ளை. டிசம்பர் முதல் மார்ச் வரை நம் கடற்கரையில் அந்த ஈரத்துக்குக் குறைவே இல்லை. ஆகவே என் வருடம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது: கோடையில் தேய்ப்பது, வெட்டுவது, ஒட்டுவது, உள்வேலைகள், மே முதல் ஆகஸ்ட் வரை பளபளப்புப் பெயிண்ட். ஜூன், ஜூலையில் காலை பத்து மணிக்கு மேல், வெயில் ஏறி, புல்லில் பனி காய்ந்த பிறகு அடித்தால் ஒரு குறையும் வராது. மலைப்பக்கமிருந்து பெர்க் காற்று வீசும் நாள் இன்னும் வறண்டது. ஆனால் அது தூசியையும் கூடவே கொண்டுவரும். கதவை மூடிக்கொண்டு, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். பிறகு அந்தத் தரையும் காய வேண்டும், அவசரப்படக் கூடாது.

வெளுத்துவிட்டால் என்ன செய்வது? உடனே துடைக்காதீர்கள். நன்றாகக் காயவிட்டு, ஒரு வறண்ட நாளில் அதே பெயிண்டை மெல்லிசாக ஒரு கோட் அடித்தால், புதிய கரைப்பான் பழைய படலத்தை இளக்கி, மாட்டிய ஈரத்தை வெளியே விடும். என் சிவப்புக் கார் அப்படித்தான் பிழைத்தது. ஐந்து மாதம் காத்திருந்து ஜூனில் அடித்தேன். மேலாக மட்டும் வெளுத்திருந்தால் பாலிஷ் போட்டாலே போய்விடும்.

அடிக்கும் முறை. டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். கை பொறுக்கும் சூடு போதும். அடுப்புப் பக்கமோ கொதிநீரிலோ வைத்தால் வெடிக்கும். உடலிலிருந்து 20 முதல் 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, காருக்கு வெளியே தொடங்கி, காரைக் கடந்து, வெளியே முடியுங்கள். முதல் இரண்டு கோட் பனி படிந்த மாதிரி இருக்கட்டும். அடியில் பிரைமர் தெரிந்தால் பரவாயில்லை. பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு மூன்றாவது கோட்டைத்தான் ஈரமாக, மினுங்கும்படி அடிக்க வேண்டும். முதல் கோட்டிலேயே மூடிவிட நினைத்தால் ஓரத்தில் மெலிந்து நடுவில் வழியும். உங்கள் அப்பாவின் வண்டி வெள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். வெள்ளை மூடுவதற்குச் சோம்பேறியான நிறம். சாம்பல் பிரைமர் மேல் ஐந்தாறு கோட் கேட்கும், கோடெல்லாம் நிரம்பிவிடும். வெள்ளைப் பிரைமர் வாங்குங்கள். சிவப்பு பிளாஸ்டிக்கில் வார்த்த உடல் என்றால் மட்டும் முதலில் வெள்ளி நிறத்தில் ஒரு கோட் கொடுத்து அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சிவப்புச் சாயம் மேலே கசிந்து வெள்ளை ரோஸாகிவிடும்.

ஒரு வாரமாவது காயட்டும். மூக்கருகே வைத்தால் பெயிண்ட் வாடை வரும்வரை அது காயவில்லை என்று அர்த்தம். அதன்பின் 2000 உப்புத்தாளில் தண்ணீர் விட்டு மெதுவாகத் தேய்த்து, பாலிஷ் போடலாம். விளிம்புகளையும் மடிப்புக் கோடுகளையும் மட்டும் தொடாதீர்கள். அங்கே பெயிண்ட் மெலிந்திருக்கும், இரண்டு தேய்ப்பில் பிரைமர் எட்டிப்பார்க்கும். இன்னொரு தவறு, வேறு வேறு வகைப் பெயிண்டை வரிசை தெரியாமல் ஒன்றின்மேல் ஒன்று அடிப்பது. எனாமலின் மேலோ தண்ணீர் கலக்கும் அக்ரிலிக்கின் மேலோ லாக்கர் ஸ்ப்ரே அடித்தால் கீழே இருப்பது சுருங்கிவிடும். லாக்கர் காய்ந்த பிறகு அதன்மேல் மற்ற இரண்டும் தாங்கும். எனாமல் தின்னரைப் பெயிண்ட் இல்லாத பிளாஸ்டிக்கில் ஊறவிட்டால், அழுத்தம் இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் வெடித்துப் பிளக்கும். கோடுகளுக்குக் கறுப்பு விடும்போது நிறையப் பேர் இப்படித்தான் பாகத்தை உடைக்கிறார்கள்.

உடம்பைப் பற்றியும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காகித முகமூடி தூசியைத் தடுக்கும். கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரிப் பெட்டி பொருத்திய ரெஸ்பிரேட்டர் வாங்குங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் எரியும் அடுப்போ கேஸ் ஹீட்டரோ இருக்கக் கூடாது. கார் பெயிண்ட் கடைகளில் உண்மையான வண்டியின் நிறக் குறியீட்டைச் சொன்னால் அந்த நிறத்தையே ஸ்ப்ரே டப்பாவில் நிரப்பித் தருவார்கள். அது நல்ல வழிதான், கனமான பிரைமர் மேல் மெல்லிய கோட்டாக அடித்தால். ஆனால் ஹார்டனர் கலக்கும் இரண்டு பாக கிளியர் மட்டும் வேண்டாம். அதிலிருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். வீட்டில், பிள்ளைகள் இருக்கும் இடத்தில், அதை அடிக்கவே கூடாது. கம்ப்ரஸர் காற்றால் பெயிண்ட் தெளிக்கும் ஏர்பிரஷ் பிறகு வாங்கிக்கொள்ளலாம். மின்வெட்டு நேரத்தில் கம்ப்ரஸர் நின்றுபோகும், டப்பா நிற்காது.

ஜப்பானிலிருந்து நேரடியாகக் கிட் வரவழைக்கலாம். ஆனால் 15 சதவீத வாட் வரியும் கூரியர்காரரின் கட்டணமும் சேர்த்துக் கணக்குப் போட்டபின் வாங்குங்கள். ஸ்ப்ரே டப்பாவைச் சாதாரண விமானத் தபாலில் ஏற்ற மாட்டார்கள். பெயிண்டை இங்கேயே தேட வேண்டும்.

இப்போது உங்கள் அலமாரி. நான்கு பெட்டிகளையும் இன்றைக்கே ஒருமுறை திறந்து பாருங்கள். திறந்தால் மதிப்புக் குறையும் என்பார்கள். அந்த மதிப்பை நம்பி இருக்காதீர்கள். எஃகு அச்சு நிறுவனத்திடம் பத்திரமாக இருக்கும் வரை, எந்த அரிய கிட்டும் ஒரு நாள் மறுபடி வெளிவரலாம். வந்த நாளிலேயே பழைய பெட்டியின் விலை விழும். ஏஎம்டி என்ற அமெரிக்கப் பெயர் லெஸ்னி, எர்ட்ல் என்று கைமாறி இன்று ரவுண்ட் 2-விடம் இருக்கிறது. 1960-களின் அச்சுகளிலிருந்து இன்றும் கிட் வருகிறது. திறக்கச் சொல்வதற்கு வேறு காரணம் இருக்கிறது. பழைய கிட்களின் மென்மையான டயர்கள் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடந்தால், டயரை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய் கசிந்து பிளாஸ்டிக்கைக் கரைக்கும். விண்ட்ஷீல்டில் டயரின் தடம் பதிந்த கிட்டை நான் பார்த்திருக்கிறேன். டயர்களைத் தனிப் பையில் போடுங்கள். டீக்கால் தாளை (தண்ணீரில் நனைத்து ஒட்டும் எழுத்து, படங்கள்) ஜிப் பையில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, பெட்டிகளை வெளிச்சுவரை ஒட்டாமல் படுக்கையாக அடுக்குங்கள். டீக்கால் மஞ்சளாகிவிட்டிருந்தால், ஜன்னல் கண்ணாடியில் சில நாள் வெயில் பட ஒட்டிவைத்தால் பெரும்பாலும் வெளுத்துவிடும்.

டை-காஸ்ட் சேர்ப்பதானால் ஒரே பாதையில் சேருங்கள். ஒரு நிறுவனம், அல்லது ஒரு காலம், அல்லது இந்த நாட்டில் ஓடிய வண்டிகள் மட்டும். பிரிட்டிஷ் 1/43 கார்களுக்கு அந்த அளவு 'ஓ கேஜ்' என்ற தண்டவாள அளவுப் பொம்மை ரயிலோடு சேர வேண்டும் என்றுதான் வந்தது. டின்கி என்ற பிரிட்டிஷ் பெயரில் வந்த மிகப் பழைய கார்களை வாங்கும்போது வெடிப்பு இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துபோனதால் உலோகமே உள்ளிருந்து நொறுங்கும் நோய் அது, மருந்து கிடையாது. இந்த நாட்டுச் சேகரிப்பாளர்களுக்கென்று ஒரு பொக்கிஷமும் உண்டு. 1960-களில் ஆடம்பரச் சாமான்களுக்கு இறக்குமதிக் கெடுபிடி வந்தபோது, சில டின்கி கார்கள் பாகங்களாக இங்கே வந்து, இங்கேயே பெயிண்ட் அடித்துச் சேர்க்கப்பட்டன. பெட்டியில் ஆங்கிலத்தோடு ஆஃப்ரிகான்ஸும் இருக்கும். நிறங்களும் இங்கிலாந்தில் விற்றவை போல இருக்காது. பாட்டி வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடைத்தால் தயவுசெய்து மறுபெயிண்ட் அடித்துவிடாதீர்கள்.

இனி அப்பாவின் பக்கி. கிட்டைக் கையில் எடுக்கும் முன் இரண்டு படங்களையும் பெரிதாக அச்செடுத்து மேசைக்கு எதிரே ஒட்டுங்கள். ஜப்பான் வண்டிக்கும் நம் வண்டிக்கும் எங்கெங்கே வேறுபாடு என்று பென்சிலால் வட்டமிடுங்கள். கிரில், விளக்கு, பம்பர், தொட்டியின் நீளம், கூரையின் உயரம், பின்கதவில் இருக்கும் எழுத்து எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். பக்கக் கண்ணாடிகளை முக்கியமாகப் பாருங்கள். ஜப்பானில் 1983 வரை கண்ணாடிகள் முன் மட்கார்டின் மேல்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் வண்டிகளில் கதவில் இருந்தன. மட்கார்டில் துளை இருந்தால் பட்டி வைத்து அடைத்துத் தேய்த்துவிட்டு, கதவில் ஊசித் துளை போட்டு வேறு கண்ணாடி பொருத்துங்கள். குரோமில் வரும் பாகம் உங்கள் வண்டியில் கறுப்பாகவோ வெள்ளையாகவோ இருந்தால், கையுறை போட்டுக்கொண்டு, பாகத்தை ஜிக் என்ற ப்ளீச்சில் ஊறப்போடுங்கள், குரோம் கழன்றுவிடும். ஜிக்கோடு வேறு எந்தத் திரவத்தையும் கலக்காதீர்கள், விஷவாயு வரும்.

தொட்டியை மூடும் கூண்டான கேனபி கிட்டில் இருக்காது. அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டில் நீங்களே செய்ய வேண்டும், அது பயப்படுகிற அளவு கஷ்டமில்லை. முதலில் அட்டையில் வெட்டித் தொட்டியின் மேல் வைத்துப் பார்த்து, சரியானதும் தகட்டில் வெட்டுங்கள். நம்பர் பிளேட்டைக் கணினியில் அமைத்துப் போட்டோத் தாளில் அச்சடிக்கலாம். அரை மீட்டர் பிளேட் இங்கே இரண்டு செ.மீ.தான். டர்பனின் என்டி என்ற இரண்டெழுத்தும் அப்பாவின் எண்ணும் அதில் வந்தவுடன், மேசைமேல் இருப்பது கிட்டாக இல்லாமல் உங்கள் வீட்டு வண்டியாகத் தெரியும். பின்னால் ஒட்டும் எழுத்துகளை டீக்கால் தாளில் அடித்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டு அச்சுப்பொறி வெள்ளை மை அடிக்காது. இங்க்ஜெட் என்றால் தண்ணீரில் போடும் முன் கிளியர் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மை கரைந்துபோகும்.

துரு விஷயத்தில் கையை அடக்குங்கள். உழைத்த வண்டி என்றால் எல்லா இடத்திலும் பழுப்பு அப்பிவிட வேண்டும் என்று நினைக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் ஞாயிறுதோறும் அப்பா வண்டி கழுவுவார் என்று இருக்கிறது. அப்படிக் கழுவிய வண்டியில் கடற்காற்றுத் துரு கதவின் அடி விளிம்பிலும் சக்கர வளைவின் உள்ளேயும்தான் எட்டிப்பார்க்கும். ஆனால் தொட்டியின் உள்பக்கம் வேறு கதை. தினமும் பெட்டிகள் இழுபட்ட தரை அது. அங்கே வண்டியின் நீளவாக்கில் கீறல் போட்டு, பஞ்சு நுனியால் உலோக நிறம் தொட்டு வையுங்கள். அரை மீட்டர் காய்கறிப் பெட்டி இரண்டு செ.மீ. வரும், காபி கலக்கும் மரக்குச்சியைப் பிளந்து பெட்டி செய்யலாம். தைப்பூசத்துக்குக் காவடிகளை அந்தத் தொட்டியில்தான் ஏற்றிப்போனோம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தொட்டியின் மேல்விளிம்பில் கயிறு கட்டித் தேய்ந்த இடங்கள் இருக்கும். அம்மாவிடமோ அக்காவிடமோ கேட்டுப் பாருங்கள், படத்தில் தெரியாதது அவர்களுக்கு நினைவிருக்கும்.

அளவு எடுக்க வண்டி இல்லையே என்று கவலைப்பட்டிருந்தீர்கள். வண்டி பக்கவாட்டில் நிற்கும் படம் ஒன்று போதும். அந்த பக்கிக்கு 12 அங்குல ரிம், அதாவது 30.5 செ.மீ. படத்தில் ரிம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்துகொள்ளுங்கள். கேனபியின் உயரத்தையும் அதே படத்தில் அளந்து, ரிம்மைப் போல எத்தனை மடங்கு என்று வகுத்துப் பாருங்கள். 1/24-இல் அந்த ரிம் 12.7 மி.மீ.; அதை அந்த மடங்கால் பெருக்கினால் தகட்டை எங்கே வெட்ட வேண்டும் என்பது வந்துவிடும். கேமராவுக்குச் சாய்வாக நிற்கும் படத்தில் இந்தக் கணக்கு ஏமாற்றும். உங்களிடம் இருக்கும் இரண்டில், அப்பா கதவில் கைவைத்து நிற்கும் படம்தான் நேர்ப்பக்கம் என்று சொன்னீர்கள். அதிலிருந்தே அளவெடுங்கள்.